முகம் தெரியுது, ஆள் ஆர்?

சென்ற இதழில் கவுன்சில் வரி பற்றி எழுதியிருந்தோம். அதில் ஒரு சந்தேகம் கேட்டு இரண்டு பேர் செவன் கிங்ஸ் ஸ்டேஷன் வாசலில் எங்களை மறித்தார்கள். அந்த மிச்சக் கதையை அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்கிறோம், குறை நினைக்க வேண்டாம். எங்களோடு பக்டறியில் பொதி கட்டுகிற அக்கா ஒருவருக்கு நடந்த சங்கதியை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்றார். கதையைப் போடுங்கோ, மற்றச் சனமாவது தப்பட்டும் என்றார்.

அக்காவின் தம்பி கட்டாரில் வேலை செய்கிறான். ஒரு நாள் பின்னேர ஷிஃப்ட், தேத்தண்ணி இடைவேளை. அக்காவின் வட்ஸ்அப்புக்குப் புது நம்பரில் இருந்து வீடியோ கோல். எடுத்தால் தம்பி. மூக்கு, பல்லு, இடது புருவத்தில் இருக்கிற தழும்பு எல்லாம் அவனேதான். "அக்கா, என்ரை போன் துலைஞ்சு போச்சு. இது கூட்டாளியின்ரை நம்பர். ஒரு பிரச்சினையிலை மாட்டுப்பட்டிட்டன்" என்றான். அதோடு படம் இறுகி நின்றது, கோல் அறுந்தது. எல்லாம் சேர்த்து இருபது செக்கன் இருக்கும். பிறகு எழுத்தில் வந்தது: லைன் சரியில்லை, 600 பவுண்ஸ் உடனே வேண்டும், லண்டனில் இருக்கிற ஒரு கூட்டாளியின் கணக்குக்குப் போடு, அம்மாவுக்குச் சொல்லாதே, பயந்து போவா.

அக்கா சீட்டு எடுத்து வைத்திருந்த காசு அது. நாங்கள் நாலு பேர் அதே மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. "பாவம் பொடியன், அனுப்புங்கோ" என்றுதான் நாங்களும் சொன்னோம். மணி அடித்தது, திரும்ப வேலைக்குப் போனோம். பத்து மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அக்கா தம்பியின் பழைய நம்பருக்கு ஒருக்கால் அடித்துப் பார்த்தார். அவன் நித்திரைத் தூக்கத்தில் எடுத்து, "என்னக்கா, இந்தச் சாமத்திலை?" என்றான்.

அன்றைக்கு அந்த பஸ் தரிப்பிடத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம். நாங்கள் ஓ.எல். கூட முடிக்காத ஆட்கள். கம்பியூட்டர் படித்த பொடியள் சிலரிடம் கேட்டும், செய்திகளை வாசித்தும் அறிந்ததை எழுதுகிறோம்.

ஒருவரின் முகத்தை இன்னொருவரின் முகத்தில் ஒட்டி, அது கண் வெட்டி வாயசைத்துப் பேசுவது போலக் காட்ட இப்போது கம்பியூட்டரால் முடியும். இதற்கு 'டீப்ஃபேக்' என்று பெயர். முகத்துக்கு முகநூலில் நாம் போட்ட சில படங்கள் போதும். குரலுக்கு இன்னும் குறைவு. இங்குள்ள ஸ்டார்லிங் வங்கி 2024 செப்டம்பரில் வாடிக்கையாளரை எச்சரித்தபோது, மூன்று செக்கன் பேச்சு இருந்தால் ஒருவரின் குரலைப் போலச் செய்துவிடலாம் என்று சொன்னது. மூன்று செக்கன் என்பது "வணக்கம், எல்லாரும் சுகமா இருக்கிறியளோ" என்று சொல்லி முடிக்கிற நேரம்.

அக்காவுக்கு வந்தது அப்படிச் செய்த முகமா, அல்லது தம்பி எங்கோ போட்ட பழைய வீடியோவை ஓடவிட்டு மேலே வேறு குரலைப் போட்டார்களா என்று இனி யாரும் சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் காசு போன வழி ஒன்றுதான்.

கேரளத்தில் கோழிக்கோட்டில் 2023 யூலையில் இதே மாதிரி நடந்திருக்கிறது. நிலக்கரி நிறுவனம் ஒன்றில் வேலை செய்து இளைப்பாறிய 73 வயது மனிதர். பழைய சக ஊழியர் ஒருவர் வட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டார். பொதுவாகத் தெரிந்த நண்பர்களின் பெயர்களை எல்லாம் சொல்லிச் சுகம் விசாரித்தார். தான் துபாய் விமான நிலையத்தில் நிற்பதாகவும், மும்பாயில் உறவுக்காரருக்கு அவசர சத்திரசிகிச்சை என்றும், 40,000 ரூபாய் வேண்டும் என்றும் சொன்னார். மனிதர் கொஞ்சம் யோசித்திருக்கிறார். உடனே வீடியோவில் முகம் வந்தது. அரை நிமிடம் கூட இல்லை. முகத்தைக் கண்டதும் யோசனை போய்விட்டது, காசு அனுப்பினார். இன்னும் 35,000 கேட்டபோதுதான் பொறி தட்டி, அந்த நண்பரின் பழைய நம்பருக்கு எடுத்துக் கேட்டார். நண்பர் அப்படி ஒன்றும் கேட்கவேயில்லை. நல்ல காலம், உடனே முறைப்பாடு செய்தபடியால் கேரளப் பொலிஸ் அந்தக் காசை மீட்டுக் கொடுத்தது.

படியாதவன், வயது போனவன்தான் ஏமாறுவான் என்று நினைக்க வேண்டாம். அரூப் என்பது லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய பொறியியல் கம்பனி. சிட்னி ஒப்பெரா மண்டபத்தைக் கட்ட எந்திரக் கணக்குப் போட்டவர்கள் அவர்கள். 2024 தொடக்கத்தில் அவர்களுடைய ஹொங்கொங் அலுவலக ஊழியர் ஒருவருக்கு, லண்டனில் உள்ள நிதி அதிகாரியின் பெயரில் கடிதம் வந்தது: இரகசியமாகச் சில கொடுப்பனவுகள் செய்ய வேண்டும் என்று. அவர் முதலில் நம்பவில்லை. பிறகு வீடியோக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே நிதி அதிகாரியும் தெரிந்த வேறு சக ஊழியர்களும் இருந்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. பதினைந்து தடவையாக, ஐந்து வங்கிக் கணக்குகளுக்கு, 20 கோடி ஹொங்கொங் டொலர் அனுப்பினார். எங்கள் கணக்கில் ஏறக்குறைய இரண்டு கோடி பவுண்ஸ். அந்தக் கூட்டத்தில் உண்மையான மனிதர் அவர் ஒருவர்தான்.

அதில் ஹொங்கொங் பொலிஸ் சொன்ன ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த முகங்கள் முன்கூட்டியே செய்து வைத்தவை. ஊழியரைத் தன்னை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள், பிறகு கட்டளை சொன்னார்கள், கூட்டத்தை முடித்துவிட்டார்கள். கேள்வியும் பதிலுமாகக் கதை நடக்கவில்லை. அக்காவின் இருபது செக்கனும், கோழிக்கோட்டு அரை நிமிடமும் இதே கதைதான். முகத்தை ஒருக்கால் காட்டி நம்பவைத்துவிட்டு, லைன் சரியில்லை என்று எழுத்துக்குப் போய்விடுவது.

எங்கள் சனத்துக்குள்ளேயே நடந்த பெரிய சம்பவத்தைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் எங்களைப் பேடிகள் என்பார்கள். 2023 கார்த்திகை 27, மாவீரர் நாள். பிரபாகரனின் மகள் துவாரகா என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வீடியோவில் தோன்றி உரையாற்றினார். அதற்கு முன்பே, குடும்பம் உயிரோடு இருக்கிறது என்ற கதை புலம்பெயர்ந்த நாடுகளில் உலாவிக்கொண்டு இருந்தது. அன்றைக்கு செவன் கிங்ஸில் எத்தனை வீடுகளில் போனைச் சுற்றிச் சனம் கூடி இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். கம்பியூட்டர் செய்த முகம் என்று ஒரு பகுதி சொன்னது. இல்லை, யாரோ ஒரு பெண்ணை இருத்திப் பேசவைத்தது என்று இன்னொரு பகுதி சொன்னது. உண்மையாக அவரேதான் என்று அழுதவர்களும் இருந்தார்கள். பிரபாகரனின் உறவினர்களே அதை மறுத்தார்கள்.

அந்த அரசியலுக்குள் நாங்கள் போகவில்லை. எங்களுக்குப் பட்டது வேறு. நாங்கள் இருந்த வீட்டில் ஒரு அம்மா, படத்தை நிறுத்தி நிறுத்தி, "கண் அப்பிடியே தகப்பன்தான்" என்று சொல்லிக்கொண்டு இருந்தார். அவருடைய சொந்த மகன் 2009 மேயில் முள்ளிவாய்க்காலில் தவறிப்போனவன், இன்றைக்கு வரை ஒரு தகவலும் இல்லை. அந்த அம்மா ஒரு முகத்தை வீடியோவில் சரிபார்க்கக் கூடியவரா? ஒரு முகம் திரும்பி வர வேண்டும் என்று பதினைந்து வருஷமாக நேர்ந்துகொண்டு இருக்கிறவருக்கு, வருகிற முகம் எல்லாம் உண்மைதான். கிளிநொச்சியில் 2017 மாசியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கியதில் இருந்து, பிள்ளைகளின் படங்களைக் கையில் பிடித்தபடி அவர்கள் நிற்கிற காட்சி உலகம் எல்லாம் போயிருக்கிறது. அந்தப் படங்களையும் ஒருவன் பேசவைக்கலாம் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. இப்படியான வீடு உங்களுக்குத் தெரிந்து இருந்தால், "உங்கட பிள்ளை இருக்கிறார், காட்டுறன்" என்று எவனாவது கோல் எடுத்தால் முதலில் உங்களிடம் சொல்லச் சொல்லி வையுங்கள். தனியே இருந்து அந்தக் கோலைப் பார்க்க விடாதீர்கள்.

இனி, எங்களைப் பற்றி இவங்களுக்கு எப்படித் தெரிகிறது? நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். சாமத்திய வீடு, கலியாண வீடு முழுவதையும் இணையத்தில் போடுகிறோம். எல்லாவற்றிலும் மோசமானது மரண அறிவித்தல். அதில் அன்னாரின் மகன் லண்டன், மகள் கனடா, மருமகன் சுவிஸ், பெறாமக்கள் பிரான்ஸ் என்று முழுக் குடும்பமும் பெயரோடு இருக்கும். கீழே நாடு வாரியாகத் தொலைபேசி இலக்கம். திட்டம் போடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அறிவித்தல் போட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அது எங்கள் வழக்கம். ஆனால் வீடியோவில் வந்தவரிடம் "அம்மாவின்ரை பேர் என்ன, பெரியண்ணை எந்த நாட்டிலை?" என்று கேட்டு, சரியாகச் சொன்னார் என்று நம்பாதீர்கள். அது எல்லாம் அறிவித்தலில் இருக்கிறது.

முகத்தைப் பார்த்துப் பிடிக்கலாமா என்று பொடியளிடம் கேட்டோம். முகத்தைப் பக்கவாட்டாகத் திருப்பச் சொல்லலாம், கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொல்லலாம், சில பொய் முகங்கள் அப்போது குழம்பும் என்றார்கள். ஆனால் மாதத்துக்கு மாதம் இது திருந்திக்கொண்டு வருகிறது, இதை நம்பி இருக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். குழம்பினால் பொய் என்று வைக்கலாம், குழம்பாவிட்டால் உண்மை என்று வைக்க முடியாது.

ஆகவே கண்ணை விட்டுவிடுங்கள். நாங்கள் இப்போது வீட்டில் செய்வது இதுதான்: காசு, பாஸ்போர்ட், வங்கி, விசா என்று எந்தக் கதை வந்தாலும் அந்தக் கோலை வெட்டுகிறோம். வெட்டிவிட்டு, எங்கள் போனில் பழைய காலத்தில் இருந்து கிடக்கிற நம்பருக்கு நாங்களே எடுக்கிறோம். அந்த நம்பர் வேலை செய்யாவிட்டால், அந்த ஆளோடு கூட இருக்கிற இன்னொருவருக்கு எடுக்கிறோம். அக்காவின் கதையில் இந்த ஒன்று செய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். உண்மையான தம்பி என்றால் இரண்டு நிமிடம் பொறுப்பான். "வெட்டாதே, ஒருத்தருக்கும் சொல்லாதே, இப்பவே அனுப்பு" என்று ஒருவன் சொன்னால், அவன் எங்கள் அப்பாவின் முகத்தோடு வந்தாலும் வெட்டுங்கள். கணக்கு இலக்கத்தைப் போடும்போது பெயர் பொருந்தவில்லை என்று வங்கி காட்டினால் அந்த இடத்தில் நில்லுங்கள். அக்காவுக்கும் அப்படிக் காட்டியிருக்கிறது. அவசரத்தில் 'ஓம்' அமத்திவிட்டார்.

ஹோம் ஒஃபிஸ் என்று சொல்லி ஒருவன் சீருடையோடு வீடியோவில் வந்தாலும் இதுதான் முறை. அவர்கள் போனில் எடுத்துக் காசு கேட்கிறவர்கள் அல்ல. கேஸ் நடக்கிற ஆட்கள் பயத்தில் இருக்கிறபடியால் இதைத் தனியாக எழுதுகிறோம். கோலை வெட்டிவிட்டு, உங்கள் சொலிசிற்றரின் அலுவலக நம்பருக்கு நீங்களே எடுங்கள்.

வெட்டிவிட்டு எடுக்க நம்பர் இல்லாத நேரமும் இருக்கிறது. பயணத்தில் நிற்கிற பிள்ளைக்குப் பழைய நம்பர் ஏது? அதற்குத்தான் இரகசியச் சொல். ஸ்டார்லிங் வங்கியும் குடும்பத்துக்குள் ஒரு சொல் வைத்திருங்கள் என்றுதான் சொன்னது. அதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சித்தப்பா ஏஜென்சி மூலம் வந்தபோது, மிச்சக் காசு எங்கள் வீட்டில் இருந்தது. சித்தப்பா போய்ச் சேர்ந்து ரெலிபோனில் "கறுவல் கண்டு போட்டிட்டுதோ?" என்று கேட்டால்தான் ஆள் சுகமாக இருக்கிறார், காசைக் கொடுக்கலாம் என்று அர்த்தம். கறுவல் என்று எங்களிடம் மாடே இல்லை. அப்பாச்சி அந்தக் கேள்வியைக் கேட்டதும் ரிசீவரை வைத்துவிட்டு அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத அப்பாச்சிக்குத் தெரிந்த வித்தை இது.

சொல்லை நேரில் இருக்கும்போது பேசி வையுங்கள். முடியாவிட்டால் தெரிந்த நம்பரில் வாயால் சொல்லுங்கள், எழுத்தில் அனுப்பி வைக்காதீர்கள். போனைக் களவெடுத்தவன் அதையும் வாசிப்பான். பிறந்த திகதி, ஊர், கோயில் பெயர் எல்லாம் வேண்டாம்.

காசு போய்விட்டால் என்ன செய்வது என்றும் எழுதவேண்டும். அக்கா நாலு நாள் வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தார். பிறகு நாங்கள் கரைச்சல் கொடுத்து, 159 என்ற இலக்கத்துக்கு எடுக்கவைத்தோம். அந்த இலக்கம் இந்த நாட்டின் பெரும்பாலான வங்கிகளோடு நேரே இணைக்கும். பொலிஸ் முறைப்பாட்டுக்கு 0300 123 2040. 2024 ஒக்டோபர் 7ஆம் திகதியில் இருந்து இங்கே ஒரு விதி இருக்கிறது: இப்படி ஏமாற்றப்பட்டு, இந்த நாட்டுக்குள் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்பிய காசை, 85,000 பவுண்ஸ் வரை வங்கி திருப்பித் தரவேண்டும். அதில் 100 பவுண்ஸ் வரை வங்கி கழிக்கலாம். கடைசியாக அனுப்பிய நாளில் இருந்து 13 மாதத்துக்குள் சொல்லவேண்டும். அக்காவுக்கு 500 பவுண்ஸ் திரும்பி வந்தது. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பிய காசுக்கு இந்த விதி இல்லை. கையில் கொடுத்த காசுக்கும் இல்லை. நாங்கள் கூடுதலாக அனுப்புவது அந்த இரண்டு வழியிலும்தான்.

இதில் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது. கேட்பது. ஊரில் இருக்கிற மாமா ஒருவர் புது நம்பரில் எடுத்தபோது, நாங்கள் வெட்டிவிட்டுப் பழைய நம்பருக்கு எடுத்தோம். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடா, ஓமந்தையிலை ஆமிக்காரன் ஐ.சி. கேட்ட மாதிரி நீயும் என்னைக் கேக்கிறியோ?" என்றார். அந்தச் சொல் சுட்டது. அடையாள அட்டை காட்டிக் காட்டியே வளர்ந்த சனம் நாங்கள். முகத்தை மூடிக்கொண்டு வந்த தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற சனம். இப்போது சொந்த மாமாவையே "நீங்கள்தானோ?" என்று கேட்கிற காலம். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம், ஆனால் அடுத்த முறையும் வெட்டித்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டோம். மாமா இரண்டு கிழமை கதைக்கவில்லை. பிறகு கதைத்தார். ஒன்றும் நடக்காத நல்ல நாளில் எல்லோருக்கும் முதலே சொல்லி வைத்திருந்தால் இந்த மனத்தாங்கல் வந்திராது. அந்தப் பிழை எங்களுடையது.

அம்மாவோடு அப்படிச் செய்யவில்லை. முல்லைத்தீவில் இருக்கிற அம்மாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருந்து கதைத்து, சிறுவயதில் நடந்த ஒரு சம்பவத்தில் இருந்து ஒரு சொல்லை எடுத்து வைத்தோம். அம்மா முதலில் சிரித்தா. "உன்னைப் பெத்த எனக்கு உன்ரை குரல் தெரியாதோ?" என்றா. அக்காவின் கதையைச் சொன்னோம். ஒன்றும் பேசவில்லை.

போன மாதம் எங்கள் போன் தண்ணீருக்குள் விழுந்து பழுதாகி, வேலைத்தலத்துத் தம்பி ஒருவரின் போனில் இருந்து, இரவு ஷிஃப்ட் முடிந்த களைப்போடு, அம்மாவுக்கு எடுத்தோம். மருந்துக் காசு அனுப்புகிறோம், வங்கி நம்பரை ஒருக்கால் திரும்பச் சொல்லுங்கோ என்று கேட்டோம். அம்மா முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து எங்களை உற்றுப் பார்த்தா. "அந்தச் சொல்லைச் சொல்லு" என்றா. எங்களுக்குச் சட்டென்று வரவில்லை. "அம்மா, நான்தான்" என்றோம்.

அம்மா வெட்டிவிட்டா.